சாம்பல் திட்டு

அந்தப் படத்தை ஜன்னலுக்கு எதிரே சாய்த்து வைக்காதீர்கள், ஐயா. சாயங்கால வெயில் நேராக அதன்மேல்தான் விழும். கறுப்புக்கு ஒன்றும் ஆகாது, அது புகைக்கரியில் செய்த மை. சிவப்புதான் வெளுத்துவிடும். என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்கிறவர் எழுந்து கொஞ்சம் சுவரோரமாக நகர்த்தினால் போதும். நன்றி.

நேற்று நான் ‘கல் தவறி விழுந்தது’ என்று சொன்னது பயத்தினால் அல்ல. நீங்கள் கேட்ட கேள்வி அப்படி. ‘கல் எப்படி விழுந்தது?’ என்றீர்கள். இன்று காலையில்தான் ‘உங்கள் முழங்கை வரைக்கும் இந்தச் சாம்பல் நிறச் சேறு எப்படி வந்தது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அது என் தொழிலைப் பற்றிய கேள்வி. தொழிலைப் பற்றி யார் கேட்டாலும் நான் பொய் சொன்னதில்லை.

காதில் செருகியிருந்த பென்சிலை உங்கள் ஆட்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது இல்லாமல் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. பரவாயில்லை.

என்னுடையது கல்லச்சுக்கூடம். சோப்பு உறை, மருந்துப் புட்டிகளுக்கு ஒட்டுகிற லேபிள், தீப்பெட்டிப் படம், இவைதான் வயிற்றுப்பாட்டுக்கு. வழவழப்பான சுண்ணாம்புக்கல்லின்மேல் கொழுப்பு கலந்த மெழுகுப் பென்சிலால் வரைவோம். பிறகு கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், கொழுப்புப் பட்ட இடத்தில் மட்டும் மை பிடிக்கும். தாளை விரித்து அழுத்தி எடுத்தால் படம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். எங்கள் தொழிலில் விட்டுக்கொடுக்கக் கூடாத கட்டுப்பாடுகள் இரண்டு. கல்லின் முகத்தில் கை படக்கூடாது, தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையே போதும், அதுவும் படமாகிவிடும். அடுத்தது, சொன்ன எண்ணிக்கை அச்சிட்டு முடிந்ததும் கல்லை அரைத்துவிட வேண்டும். மணலும் தண்ணீரும் போட்டு, இன்னொரு கல்லை அதன்மேல் கவிழ்த்து வட்டம் வட்டமாகத் தேய்த்தால் படம் சேறாகி வழிந்துவிடும். இனி இது வராது என்று, படத்தை வாங்கியவருக்கு நாங்கள் கொடுக்கிற வாக்கு அது. நான் இரண்டையும் மீறினேன். என் பக்கம் தவறு என்று ஒன்று இருந்தால் அதுதான். மற்றவை அதனால் வந்தவை.

இறந்தவர் என் தங்கையின் கணவர். நாங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அவருக்கு நான் மச்சான், எனக்கு அவர் மாப்பிள்ளை. கப்பல் பழுதுபார்க்கும் துறையில் அவருக்கு வேலை. கயிற்றில் தொங்குகிற பலகையில் உட்கார்ந்து, கப்பலின் பக்கவாட்டில் துருவைச் சுரண்டி, சுரண்டிய இடத்தில் செஞ்சாயம் பூச வேண்டும். படம் வரைய யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. விடுமுறை நாளில், மிச்சமான சாயத்தை டப்பாவில் கொண்டுவந்து, மூட்டை கட்டுகிற முரட்டுத் தாளில் எதையாவது போட்டுக்கொண்டிருப்பார். தங்கை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

“வீட்டுச் சுவருக்கு அடிங்கன்னு ஒரு வருஷமா கெஞ்சறேன் அண்ணா. சுவருக்கு அடிக்க மாட்டாரு. பேப்பருக்கு அடிப்பாரு.”

ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, சமையலறைச் சுவரோரம் ஒரு தாளைக் காய வைத்திருந்தார். கறுப்பாகப் பெரிய உருவம் ஒன்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் காலடியில் சிவப்பு. அது கப்பலும் இல்லை, மலையும் இல்லை, ஆளும் இல்லை. ஆயுசு முழுக்க ரோஜாப்பூவும் சிரிக்கிற குழந்தையும் அச்சடித்தவன் நான். அந்தத் தாளை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

“இது என்னது மாப்பிள்ளை?”

“தெரியலை மச்சான். கை போன போக்குல போட்டேன்.”

அந்த வாரமே அவரை அச்சுக்கூடத்துக்குக் கூட்டிவந்தேன். கறுப்புக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று நல்ல கற்களாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அவர் வரைந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விரலால் வரையவில்லை, தோளால் வரைந்தார். கப்பலுக்குச் சாயம் அடிக்கிறவருக்கு வேறு எப்படி வரையத் தெரியும்? மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே வீச்சு. முடித்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது என்றார்.

கறுப்புக் கல்லை மேசையிலிருந்து அச்சுப் பொறிக்கு மாற்றும்போது என் பிடி நழுவியது. கல் உடைந்துவிடக் கூடாதே என்று உள்ளங்கையை அதன் முகத்திலேயே ஊன்றிவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட நான் செய்யாத தவறு. சோதனைக்காக முதல் தாளை எடுத்தபோது, அந்தக் கறுப்பு உருவத்தின் தோளுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு விழுந்திருந்தது. அதோ, அதுதான். என் உள்ளங்கை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சுரண்டி எடுத்துவிடுகிறேன் என்றேன். மாப்பிள்ளை தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இருக்கட்டும் மச்சான். இது வந்தப்புறம்தான் அது விழாம நிக்குது.”

என் காதிலிருந்த பென்சிலை உருவி, வலது மூலையில் கையெழுத்துப் போட்டார். சம்பளம் வாங்கும்போது போடுகிற அதே கையெழுத்து, கொஞ்சம் பெரிதாக. அவர் கையெழுத்திட்ட தாள்தான் அளவுகோல். மற்ற பிரதிகளெல்லாம் அதைப் போலவே இருக்க வேண்டும், மயிரிழை மாறினாலும் கிழித்துப் போட வேண்டும். அதனால் அந்தத் திட்டும் படத்தில் சட்டப்படி சேர்ந்துவிட்டது. மொத்தம் முப்பது எடுத்தோம், ஒவ்வொன்றிலும் அதே மூலையில் கையெழுத்துப் போட்டு எண்ணும் எழுதினார். உங்கள் முன்னால் இருப்பது பன்னிரண்டாவது. அதைத் தங்கைக்கு நான்தான் மரச்சட்டம் போட்டுக் கொடுத்தேன்.

நூலகக் கூடத்தில் நடந்த கண்காட்சியில் படங்களை மாட்டி விற்றார்கள். பத்திரிகையிலிருந்து வந்த ஒருவர், அந்தச் சாம்பல் திட்டுதான் இந்தப் படத்தின் மூச்சு என்று எழுதினார். யாரிடமும் பாடம் கேட்காத ஒருவருக்கு இது எப்படித் தோன்றியது என்று எல்லோரும் மாப்பிள்ளையைச் சுற்றி நின்றுகொண்டு கேட்டார்கள். “அது என் மச்சான் கைங்க” என்று அவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எவ்வளவு அடக்கமான மனுஷர் பாருங்கள் என்றார்கள். நான் கதவோரம் ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் துளிகூட வருத்தம் கிடையாது. இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள் என்று நானே அவரைக் கண்டித்தேன்.

சிவப்புக் கல்லை அன்றே அரைத்துவிட்டேன். கறுப்புக் கல்லை அரைக்க மனம் வரவில்லை. மணலைக் கொட்டினேன், தண்ணீர் ஊற்றினேன், பிறகு எல்லாவற்றையும் கழுவிவிட்டேன். பழைய லேபிள் கற்களுக்குப் பின்னால் அதை மறைத்து வைத்தேன். வேலையாட்கள் போன பிறகு சில நாள் அதை வெளியே எடுத்து நனைத்துப் பார்ப்பேன். அந்தத் திட்டுக்கு நேராக, அதில் படாமல், உள்ளங்கையைப் பிடிப்பேன். அளவு சரியாக இருக்கும். அவ்வளவுதான், வேறு எதற்கும் இல்லை.

இதற்கு நடுவில் மாப்பிள்ளைக்குப் படிக்கிற ஆசை வந்தது. கண்காட்சிக்கு வந்திருந்த ஓவிய ஆசிரியை ஒருவர், மாலை வகுப்புக்கு வரச் சொல்லியிருந்தார். போனார். முதலில் ஜாடி வரைந்தார். பிறகு கிண்ணத்தில் பழம். பிறகு நாற்காலி, நாற்காலியில் உட்கார்ந்த கிழவர். ஒவ்வொன்றையும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். தோளிலிருந்து வந்த கோடு மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டது, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு. அழித்து அழித்துத் தாள் தேய்ந்திருக்கும். அவர் முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம்.

“பாருங்க மச்சான், கண்ணு கண்ணு மாதிரியே இருக்கு இல்ல?”

இருந்தது. தெருமுனைக் கடைக் காலண்டரிலும் கண் கண்ணைப் போலத்தான் இருக்கிறது. பழைய படத்தைப் பற்றி ஒருமுறை பேச்சு வந்தபோது, “அது ஒண்ணும் தெரியாத காலத்துல போட்டது” என்று சொல்லிவிட்டுத் தேநீரை ஊதிக் குடித்தார். அந்த வார்த்தை என்னைச் சுட்டது. பல நாள் சுட்டுக்கொண்டே இருந்தது.

அவருடைய வலது கை அச்சுப் பொறியில் மாட்டியதைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. விபத்து என்று நினைத்ததால் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். அன்று எனக்கு ஒத்தாசையாக, கல்லின்மேல் தாளை விரித்து ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். அவர் கையை எடுத்துவிட்டு ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் நான் பொறியின் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். நான் அவர் சொல்வதற்கு முன்பே சுற்றினேன். அந்தப் பொறியின் அழுத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். அவரை நானே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், செருப்பைக்கூடப் போடவில்லை. அன்று எனக்கு அழுகை வந்தது உண்மை. இனி அவர் எதையும் கெடுத்துக்கொள்ள மாட்டார் என்ற நிம்மதி இருந்ததும் உண்மை.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மற்றவை மடங்கவில்லை. கப்பல் துறையில் வேலை போய்விட்டது. நான் அவரை அச்சுக்கூடத்தில் வைத்துக்கொண்டேன். லேபிள்களைச் சரிபார்த்துக் கட்டுவது, வருகிறவர்களிடம் பேசுவது என்று உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுத்தேன். தங்கை மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவாள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நீ இல்லன்னா அவரு ஒடைஞ்சு போயிருப்பாரு அண்ணா. ராத்திரியெல்லாம் உன்னைப் பத்தித்தான் பேசறாரு.”

அண்ணன் செய்யாமல் வேறு யார் செய்வார்கள் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எந்த உறுத்தலும் இருக்கவில்லை. அவளுக்குச் செய்ய வேண்டியதை நான் குறைவில்லாமல் செய்துகொண்டுதான் இருந்தேன்.

ஆனால் மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. இடது கையால் வரையப் பழகிவிட்டார். வீட்டில் பழகினாராம், அப்போது எனக்குத் தெரியாது. ஒரு நாள் லேபிள் கல் ஒன்றைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனவர், வெகுநேரம் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். நான் மறைத்து வைத்திருந்த கறுப்புக் கல்லுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தொலைந்த சாவி கிடைத்தவர் மாதிரி முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“மச்சான், இதை நீங்க அரைக்கவே இல்லையா?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இடது கையால் என் தோளைத் தட்டிவிட்டு, தன் யோசனையைச் சொன்னார். அந்தச் சாம்பல் திட்டைச் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு முகம் வரையப் போகிறாராம். புதிதாகச் சில பிரதிகள் எடுக்க வேண்டுமாம்.

“வாயால சொன்னா சிரிக்கறாங்க மச்சான். போட்டுட்டா சிரிக்க மாட்டாங்க இல்ல?”

யாருடைய முகம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது தேவைப்படவில்லை. அந்தத் திட்டு இருந்த இடத்தில் மூக்கும் முழியும் வரப்போகிறது என்பது போதுமானதாக இருந்தது. எண்ணிக்கை முடிந்த படத்தை மறுபடி எடுப்பது நியாயமில்லை என்று எடுத்துச் சொன்னேன். கல்லில் வேறு படம் வந்துவிட்டால் அது வேறு படம்தானே என்றார். ஆசிரியை சொன்னாராம். பழைய படத்தை வாங்கினவர்கள் என்ன நினைப்பார்கள் என்றேன். “அவங்களுக்கும் ஒண்ணு சும்மாவே குடுத்துடலாம் மச்சான், சந்தோஷப்படுவாங்க” என்றார். அவரோடு பேசி ஜெயிக்க முடியாது, அவ்வளவு நல்ல மனுஷர்.

கல்லை அன்றைக்கே அரைத்திருந்தால் தீர்ந்திருக்குமே என்று நேற்று என் வக்கீல் கேட்டார். அவருக்கு இந்தத் தொழில் தெரியாது. ஒரு கல்லை அரைத்தால் அவர் இன்னொரு கல்லில் வரைந்திருப்பார். அந்தப் படத்தையே நினைவிலிருந்து திருத்தி, முகம் வைத்து, கீழே கையெழுத்தும் போட்டிருப்பார். அதுதான் உண்மையான படம் என்று ஊரும் நம்பியிருக்கும். ஒரு படம் இனி வரக்கூடாது என்றால் நாங்கள் தாள்களைக் கிழித்துக்கொண்டிருப்பதில்லை, ஐயா. அது எதிலிருந்து வருகிறதோ அதை அரைக்கிறோம்.

அந்த முடிவுக்கு வந்த பிறகு எனக்குப் படபடப்பு எதுவும் இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

அவர் கல்லை மேசையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தார். மேலே ஈரத்துணி போட்டு மூடியிருப்பார். “இப்ப தூக்கிப் பாத்துடாதீங்க மச்சான், முடிஞ்சதும் நானே காட்டறேன்” என்பார். நான் தூக்கிப் பார்க்கவில்லை. அந்த விஷயத்தில் நான் கண்ணியமானவன்.

வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். மேல் தட்டிலிருக்கிற பெரிய சோப்பு உறைக் கல்லை இறக்க வேண்டும், ஒரு கை கொடுங்கள் என்று கூப்பிட்டேன். வந்தார். எனக்கு உபயோகமாக இருப்பதில் அவருக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். அந்தக் கல் ஓர் ஆள் எடைக்கு மேலேயே இருக்கும். நான் ஏணியில் ஏறி ஒரு பக்கத்தைப் பிடித்து வெளியே இழுத்தேன். கீழே நின்று அவர் மறுபக்கத்தைத் தாங்கிக்கொண்டார், இடது கையாலும், விரல் மடங்காத வலது கையாலும். “புடிச்சுட்டேன் மச்சான்” என்றார். நான் கையை எடுத்தேன். நான் தள்ளவில்லை என்று நேற்றுச் சொன்னது உண்மைதான். பிடித்துக்கொண்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவர் நெஞ்சுக்குமேல் கல் கிடந்தது. கண் திறந்திருந்தது. நான் முதலில் மேசையிலிருந்த கல்லுக்குச் சேதம் எதுவும் இல்லையே என்று பார்க்கப் போனேன். துணியை எடுத்தேன். திட்டில் முக்கால்வாசியைச் சுரண்டிவிட்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு முகம் இருந்தது. வயதான முகம், தாடையில் ஒரு பிடிவாதம், காதில் ஒரு பென்சில்.

கல்லில் எல்லாம் இடவலமாக மாறித்தான் இருக்கும். அதனால் அது யாரென்று உடனே சொல்ல முடியாது.

மணலை எடுத்துக் கொட்டினேன். தண்ணீர் ஊற்றினேன். சின்னக் கல் ஒன்றை மேலே கவிழ்த்து அரைக்க ஆரம்பித்தேன். ஒழுங்காக அரைக்க நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் ஓரங்களில் படம் தங்கிவிடும். நடுவில் அவர் என்னைக் கூப்பிட்டார். மச்சான் என்றுதான். அப்புறமும் கூப்பிட்டார்.

“இதோ முடிஞ்சுது மாப்பிள்ளை” என்றேன். அவர் பொறுமைசாலி.

கல் சுத்தமாக வெளுத்த பிறகுதான் தெருவுக்கு ஓடி ஆட்களைக் கூப்பிட்டேன். என் முழங்கையில் இருந்த சேறு அதுதான். உடனே தூக்கிக்கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். டாக்டர் தன் தொழிலை அறிந்தவர்.

இன்று காலையில் என் தங்கை இங்கே வந்தாள். என்னைப் பார்த்து அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, யாரிடமோ பேசுவது போல் பேசினாள்.

“ஒரே மூஞ்சியத்தான் ராத்திரி ராத்திரியா இடது கையால வரைஞ்சு பழகினாரு. எங்க மச்சானுக்கு ஒரு பேரு வேணாமான்னு கேட்டாரு. நீ வர்றப்பல்லாம் அத்தனையும் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சோம் அண்ணா.”

அந்தத் தாள்களை அவள் உங்களிடம் கொடுத்திருப்பாள். மேசையில் கட்டாக இருப்பது அவைதான் என்று நினைக்கிறேன். எனக்குக் காட்ட வேண்டாம், இங்கிருந்தே தெரிகிறது. மூக்கு கோணல். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. காது என்று ஒன்றைப் போட்டிருக்கிறார், அது எந்த மனிதனுக்கும் இருக்காது. பென்சில் மட்டும் சரியாக வந்திருக்கிறது. வரையத் தெரியாதவர் வரைந்த முகம் அது. அப்படி ஒரு முகத்துக்காக அந்தத் திட்டை அழிக்க விட்டிருந்தால், நாளைக்கு என்னை யார் மன்னிப்பார்கள்? அவர் படத்தை அவரிடமிருந்தே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன். என் தங்கைக்கு இது இப்போது புரியாது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். என் பென்சிலைக் கொடுத்தால் நன்றாக இருக்கும். வழக்கு முடிந்ததும் அந்தப் படத்தை ஈரமில்லாத சுவரில் மாட்டச் சொல்லுங்கள். யாராவது நின்று பார்த்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம், இனி யாரும் சிரிக்க மாட்டார்கள். அதில் அவருடையது என்று பார்த்தால், அந்த மூலையில் இருக்கிற கையெழுத்து மட்டும்தான்.